ஆர்லிஸ் வைத்த நேரம்

பாட்டும் விளம்பரமுமாக இருநூற்றுப் பதினொரு நிகழ்வுகளுக்கு நேரம் வைக்கத் தன் கம்ப்யூட்டர் நிரலிடம் சொல்லியிருந்தான் வெண்டல். பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

ஒன்று கூடிப்போனதால் குடி முழுகிவிடாது. பன்றி விலையும் சாவு அறிவிப்பும் பள்ளிக்கூட ஹாக்கி ஸ்கோரும் சொல்லிப் பிழைக்கிற சின்ன ஊர் வானொலி அது. வடக்கு டகோட்டாவின் டிசம்பர் மாதத்தில், அதுவும் பனிப்புயல் அன்று, ஒரு விளம்பரம் கூடினாலும் குறைந்தாலும் கேட்க நாதியில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் போடுகிற நிரலை எழுதியவன் வெண்டல். முன்பெல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து அரைநாள் கையால் வைத்த நேரங்களை அவனுடைய நிரல் கண்மூடித் திறப்பதற்குள் வைத்துவிடும், இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை வினாடி என்று. அதில் அவனுக்கு ஏகப்பட்ட தலைக்கனம் இருந்தது. தன் நிரல் எண்ணத் தெரியாமல் விழித்தது அவனுக்குப் பொறுக்கவில்லை.

கூடுதலாக வந்தது எது என்று தேடினான். மதியம் இரண்டு மணி பத்து நிமிடம் பூஜ்யம் வினாடி. நீளம் ஒன்பது வினாடி. பெயர் இல்லை. ஒலிக்கோப்பும் இல்லை. தொடங்கும் விதம் என்ற இடத்தில் 'வெட்டு' என்று இருந்தது. அந்த மென்பொருளில் ஒரு நிகழ்வு இரண்டு விதமாகத் தொடங்கலாம். 'காத்திரு' என்றால் ஓடிக்கொண்டிருப்பது முடிந்த பிறகு வரும். 'வெட்டு' என்றால் அந்த வினாடி வந்ததும் எது ஓடினாலும், யார் பேசினாலும், கழுத்தை அறுத்துவிட்டு வரும்.

கடைசிக் கட்டத்தில், நேரத்தை வைத்தது யார் என்ற இடத்தில், 'நிரல்' என்று இருக்க வேண்டும். ஏ.ஹெச். என்று இருந்தது.

வெண்டலின் கை சுட்டியின் மேல் அப்படியே நின்றது. ஆர்லிஸ் ஹ்ருஸ்கா. ஏப்ரலில் புதைத்தாகிவிட்டது. அவள் கணக்கை அவனே மென்பொருளிலிருந்து நீக்கியிருந்தான். பழைய குப்பை எங்கோ தங்கியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு அந்த வரியை அழித்தான். நிரலை மறுபடி ஓட்டினான்.

இருநூற்றுப் பதின்மூன்று.

இரண்டு மணி பத்து நிமிடத்தில் ஒரு கிராமியப் பாடகர் அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த வரி பாதியில் அறுந்தது. ஸ்பீக்கரில் ஒரு நாற்காலி முனகியது. சக்கரம் வைத்த பழைய நாற்காலி, உட்காருகிறவர் பின்னால் சாய்ந்தால் முனகுமே, அந்த முனகல். பிறகு யாரோ காபியை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம். பிறகு மூச்சு. மைக்கைத் திறப்பதற்கு ஒரு கணம் முன்னால், பேசப்போகிறவர்கள் நெஞ்சு நிறைய இழுப்பார்களே, அந்த மூச்சு. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

முன்னறையிலிருந்து லவோன் எட்டிப் பார்த்தாள். விளம்பரம் பிடிப்பதிலிருந்து டெலிபோன் எடுப்பதுவரை அவள்தான். வீட்டுக்குக் கிளம்புவதற்காக இரண்டு கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, மைக்கைத் திறந்து வச்சுட்டு காபி குடிக்கிறியா? ஊரே கேட்டுது."

"நான் குடிக்கல."

"பின்ன பேயா குடிச்சுது? அப்படியே நம்ம ஆர்லிஸ் மாதிரி உறிஞ்சின. பாவம், அவ உறிஞ்சினா அடுத்த கவுண்டிக்குக் கேக்கும்." லவோன் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சரி, நான் போறேன். இன்னும் அரைமணி போனா என் காரைத் தோண்டித்தான் எடுக்கணும். நீ தனியா சமாளிச்சுக்குவியா?"

"எல்லாம் தானா ஓடும். நான் சும்மா காவல்."

"அதான், எல்லாம் தானா ஓடும்" என்றாள் லவோன். அதில் ஒரு குத்தல் இருந்ததா இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை. கதவு திறந்து மூடியபோது ஒரு வாளிப் பனி உள்ளே விழுந்து, விரிப்பின்மேல் கரையாமல் கிடந்தது.

வெண்டல் ஸ்டுடியோவுக்குள் போனான். மெத்தை ஒட்டிய சுவர்கள் சத்தத்தைக் குடித்துவிடும். வெளியே காற்று ஊளையிடுவது அங்கே வயிற்றில் மட்டும் தெரிந்தது. நாற்காலியைப் பார்த்தான். கோடையில் வாங்கிய புது நாற்காலி. சாய்ந்து பார்த்தான். முனகவில்லை. ஆனால் மைக்கின் பஞ்சு உறையில் யாரோ இப்போதுதான் வாய் வைத்துப் பேசியதுபோல் ஈரம் இருந்தது. விரலை முகர்ந்தான். ஓடைச் சேற்றின் வாடை.

செய்ததை அவன் மறந்தவன் அல்ல. மறந்தவன்போல் இருக்கப் பழகியவன்.

போன பிப்ரவரியில் இதேபோல் ஒரு புயல். ஆர்லிஸ் அன்று காலை முதல் இந்த இடத்தில் உட்கார்ந்து, எந்த ரோடு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக அவள் குரலைக் கேட்டுத்தான் அந்தக் கவுண்டி, அந்த வட்டாரமே, புயலில் வண்டி ஓட்டியது. விளம்பரங்கள் தாமதமாக ஓடுகின்றன என்று முதலாளி சத்தம் போட்டதால், அதற்கு முந்தைய வாரம் வெண்டல் தன் நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தான். 'காத்திரு' என்று இருந்ததை 'வெட்டு' என்று. நேரலையில் ஆள் பேசுகிற நேரத்தை மட்டும் இதிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் செய்யலாம் என்று விட்டான்.

"பன்னிரண்டாம் ரோட்ல ஓடைப் பாலம் பனியில மூடிப்போச்சு, அந்தப் பக்கம் யாரும்" என்று ஆர்லிஸ் சொல்லி முடிப்பதற்குள் அந்த வினாடி வந்தது. அவள் குரல் அறுந்தது. விதைச்சோள விளம்பரம் ஒன்று ஒன்றரை நிமிடம் கும்மாளம் போட்டது. அவள் மைக் அதற்குள் அடைபட்டுக் கிடந்தது. வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டி அந்த ஒன்றரை நிமிடத்தில் பாலத்தைத் தாண்டப் பார்த்து ஓடைக்குள் போனது. ஓட்டியவர் எமில் ஹ்ருஸ்கா. அவள் புருஷன். பொண்டாட்டி குரலைக் கேட்காமல் அந்த மனிதர் வண்டி ஓட்டியதே கிடையாது.

மறுநாள் முதலாளி, யார் வைத்த நேரம் அது என்று கேட்டபோது, வெண்டல் பதிவைத் திறந்து 'நிரல்' என்று இருந்ததை அழித்துவிட்டு ஏ.ஹெச். என்று அடித்தான். ஆறு வினாடிகூட ஆகவில்லை. அச்செடுத்து மேஜையில் வைத்தான். கறுப்பு உடையில் வந்திருந்த ஆர்லிஸ் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"நானா வச்சேன்?"

"உங்க பேரோட முதலெழுத்துதான் இருக்கு, ஆர்லிஸ்."

"எனக்கு ஞாபகமே இல்லையே, வெண்டல்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. சண்டை போடவில்லை, சாதிக்கவில்லை. அவன் சொன்னதை நம்பினாள். தன் கையாலேயே தன் புருஷனைக் கொன்றதாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஏப்ரலில் ஐஸ் உடைந்தபோது அவளை ஓடையிலிருந்து எடுத்தார்கள். நிலையத்தின் நீல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கியிருந்தாள்.

மூன்று மணி நாலு நிமிடத்தில் வானிலை அறிக்கை பாதியில் அறுந்தது. மறுபடி நாற்காலி. மறுபடி காபி. மறுபடி அந்த மூச்சு. இந்த முறை மூச்சுக்குப் பின்னால் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் வாஞ்சை.

"நேரம் மூணு மணி நாலு நிமிஷம். வெண்டல், வேலை நிறைய இருக்கு போல."

வெண்டல் எழுந்தான். கம்ப்யூட்டருக்கு ஓடிப்போய் பட்டியலைத் திறந்தான். ஏ.ஹெச்., ஏ.ஹெச்., ஏ.ஹெச். என்று இப்போது பத்துப் பன்னிரண்டு வரிகள். அழித்தான். ஒன்றை அழித்தால் இரண்டு முளைத்தன. கையால் யாராலும் இந்த வேகத்தில் நேரம் வைக்க முடியாது.

டெலிபோன் அடித்தது. அவன் துள்ளிவிழுந்தான்.

"அப்பா, நான்தான்." அவன் மகள் ப்ரிட்டா. நர்சிங் படிக்கிறாள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாள். அவளுக்காக அவன் காலையிலேயே இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய பாத்திரத்தை அடுப்பில் வைக்கத் தயாராக எடுத்துவைத்துவிட்டு வந்திருந்தான். அவனுக்கென்று உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். "பெரிய ரோட்டை மூடிட்டாங்க. இங்க பெட்ரோல் பங்க்ல கேட்டேன், பன்னிரண்டாம் ரோடு போகுதாம். அதுல வந்துடறேன்."

"வேணாம்டா. அங்கயே இரு. ராத்திரி அங்கயே தங்கு."

"எங்க தங்கறது, சிப்ஸ் பாக்கெட்டுக்கு நடுவுலயா? நாப்பது நிமிஷம்ப்பா. இனிமே சிக்னல் இருக்காது, உங்க ஸ்டேஷனைப் போட்டுக்கிட்டே வரேன். ஏதாச்சும்னா ரேடியோல சொல்லுங்க. இப்பகூட ஒரு அம்மா நல்லா பேசறாங்களே, புதுசா?"

"யாரு? ப்ரிட்டா, யாரு பேசறா?"

தொடர்பு போயிருந்தது. அவன் திரும்ப அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை.

பதினைந்து நிமிடம் கழித்து ஷெரிப் ஆபீஸிலிருந்து ஒரு டெபுடி, போலீஸ்காரர், கூப்பிட்டார். குரலில் அவசரம். "பன்னிரண்டாம் ரோடு, ஓடைப் பாலம். ஒரு லாரி இடிச்சு ஒரு பக்கத் தடுப்பே இல்லாம போச்சுங்க. ரோடு எது, ஓடை எதுன்னு தெரியல. எங்க ஆள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ரேடியோல சொல்லிக்கிட்டே இருங்க. உங்களை விட்டா வேற வழியில்லை."

வெண்டல் ஸ்டுடியோவுக்கு ஓடினான். மைக்கைத் திறந்தான். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மூச்சை இழுத்தான்.

"அவசர அறிவிப்பு. பன்னிரண்டாம் ரோட்ல வர்றவங்க..."

விளக்கு அணைந்தது. விதைச்சோளக் கும்மாளம் ஆரம்பித்தது. பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்ட விளம்பரம்.

அது முடிந்ததும் மறுபடி திறந்தான். "ப்ரிட்டா, பாலத்துக்கு..." அணைந்தது.

மறுபடி. "வண்டியைத்..." அணைந்தது.

ஸ்டுடியோவிலிருந்த கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். திரை அணையவில்லை. கும்மாளமும் நிற்கவில்லை. அவன் கையில் வயர் தொங்கியது, அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சேறும் அழுகிய நாணலுமாக வாடை அறையை நிரப்பியது. சுவர் மெத்தைகள் ஊறி உப்பிக்கொண்டு வந்தன. காலுக்கடியில் விரிப்பு சளக் சளக் என்றது.

மணி மூன்று நாற்பத்தொன்பது. பத்து நிமிடத்துக்குள் ப்ரிட்டா பாலத்துக்கு வந்துவிடுவாள்.

"ஆர்லிஸ்!" என்று கத்தினான். மைக் எப்போது திறந்ததென்று அவனுக்குத் தெரியாது. "போதும் ஆர்லிஸ், அவ என்ன பாவம் பண்ணினா?"

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வெட்டவில்லை. அவன் திரையைப் பார்த்தான். பட்டியலில் ஒரு புது வரி. இந்த முறை பெயர் இருந்தது. 'வெண்டல் ட்வெட், நேரலை.' தொடக்கம் மூன்று ஐம்பது. நீளம் ஆறு நிமிடம். வைத்தது, ஏ.ஹெச்.

என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. ஆறு நிமிடம். நாலில் சொல்லி முடித்தால் மிச்சம் இரண்டு. ப்ரிட்டாவை நிறுத்த இரண்டு நிமிடம் தாராளம். மகள் சாகப்போகிற நேரத்திலும் அவன் கணக்குப் போட்டான், அவன் புத்தி அப்படி.

"என் பேரு வெண்டல் ட்வெட்" என்று ஆரம்பித்தான். "போன பிப்ரவரியில எமில் செத்தது என்னால. ஆர்லிஸ் அந்த நேரத்தை வைக்கல. என் நிரல் வச்சுது. நான்தான் வெட்டுன்னு மாத்தினேன். பதிவுல அவங்க பேரை நான்தான் போட்டேன். அவங்க என்னைக் கேட்டாங்க. நானா வச்சேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். மூஞ்சியைப் பாத்து ஆமான்னேன். வேலை போயிடும்னு பயம். அவ்வளவுதான். வேற காரணம் இல்ல. அவங்க சவ அடக்கத்துல நான் பெட்டியைத் தூக்கினேன். அந்தக் கையோடதான் தூக்கினேன்."

முதல்முறையாக அவனுக்கு அழுகை வந்தது. அதுவும் முழுக்க வெளியே வந்தது, நெஞ்சு குலுங்க. கவுண்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது. திரையில் மூன்று ஐம்பத்து நாலு. அடுத்த நிகழ்வு மூன்று ஐம்பத்தாறு. இருந்தது, இரண்டு நிமிடம் முழுசாக இருந்தது.

"இப்ப ப்ரிட்டாவுக்குச் சொல்றேன்" என்றான். "ப்ரிட்டா, கண்ணு, நல்லா கேளு..."

திரையில் எண்கள் நகர்ந்தன. அடுத்த நிகழ்வின் தொடக்கம் மூன்று ஐம்பத்தாறு என்று இருந்தது ஐம்பத்தைந்து ஆனது. ஐம்பத்து நாலு நாற்பது. முப்பது. நேரத்தைத் தானாக நகர்த்துவது அவன் கண்டுபிடித்த வித்தை. அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"பாலம்..."

விளக்கு அணைந்தது.

கும்மாளம் வரவில்லை. எதுவும் வரவில்லை. ஸ்பீக்கரில் வெறும் நிசப்தம்.

ஸ்டுடியோ டெலிபோன் மினுக்கியது. பொத்தானை அவன் தொடவே இல்லை. ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தமும் வைப்பர் சத்தமும் வந்தன.

"அப்பா? கேக்குதா?" ப்ரிட்டா. அந்த ரோட்டில் சிக்னல் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. "எப்படியோ லைன் கிடைச்சுது. கவலைப்படாதீங்க, நான் தனியா இல்ல. ரோட்டோரமா ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க, ஏத்திக்கிட்டேன். உங்க ஸ்டேஷனாம். உங்க நீல ஜாக்கெட்தான் போட்டிருக்காங்க. பாவம்ப்பா, தலையெல்லாம் ஈரம். இந்தக் குளிர்ல எப்படி ஈரமாச்சோ."

இறக்கிவிடு. வண்டியை நிறுத்து. சாவியைப் பிடுங்கு. இறங்கி ஓடு.

அத்தனையும் தொண்டைவரை வந்தன. வாய் திறந்தது. சத்தம் இல்லை.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

கத்தினான். நரம்பு புடைக்கக் கத்தினான். காற்றுகூட வெளியே வரவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்து வாயோடு வாயாக அழுத்திக் கத்தினான்.

"அவர் இனிமே பேச மாட்டார்மா" என்றது அந்தக் கரகரத்த, வாஞ்சையான குரல். பக்கத்து சீட்டிலிருந்து. "அவர் நேரம் முடிஞ்சுது."

"அப்படியா? ரேடியோல என்னவோ அழுதாரே, என்னன்னே புரியல. ஒரே இரைச்சல்." ப்ரிட்டா கவலையோடு சிரித்தாள். "இங்க ஒண்ணுமே தெரியலைங்க, எல்லாம் வெள்ளையா இருக்கு. ரோடு இருக்கா?"

"இருக்கும்மா. நேரா போ."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதோ. வந்துட்டோம்."

ஸ்டுடியோவின் கண்ணாடியில் வெண்டல் தன்னைப் பார்த்தான். வாய் கிழியத் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாக நின்றன. உதடுகள் மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தன. ஒலியளவு காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது, ஒரு இழைகூட அசையவில்லை.

ஸ்பீக்கரில் டயருக்கடியில் பனி நொறுங்கும் சத்தம் நின்றது.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஐஸ் உடைந்தது.